ஐந்துக்கும் பூஜ்யத்துக்கும் இடையில்

செவிச்செல்வம் – 14

ஒரு முழு இசைத்தட்டை நண்பர் இருவர் சேர்ந்தமர்ந்து தொடக்கம் முதல் முடிவுவரை கேட்டு, ஆளுக்கொரு மதிப்பெண் இட்டு, பின்னர் அம்மதிப்பெண்ணுக்கான காரணங்களை வாதிட்டுப் பார்க்கும் பழக்கம் மேற்கத்திய இசையுலகில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. இதனை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிட இயலாது. இருபதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற இசைத்தட்டு வழிகாட்டி நூல்களுள் சில இத்தகைய இருவர் கூட்டில் பிறந்தவை. ஜாஸ் இசை வரலாற்றின் பெரும் பிளவு ஒன்று, ஒரே தட்டுக்கு இரு விமர்சகர்கள் இட்ட இருவேறு மதிப்பெண்களாகவே அச்சேறியது. பதிவுக்கூடத்தின் பணிகளை இதுவரை விளக்கிவந்த இத்தொடர், தட்டு வீட்டுக்கு வந்தபின் நடைபெறும் கேட்டல் என்னும் பணிக்கு இனித் திரும்புகிறது. கேட்பவர் இருவராகும்போது கிடைக்கும் முதன்மையான பயன் அவர்தம் மதிப்பெண்களுக்கு இடையே விழும் இடைவெளியே என்பதும், அதை அவசரமாக நிரப்பிவிடாமல் ஆராய்வதே கேள்வியறிவை வளர்க்கும் என்பதும் இப்பகுதியில் நிறுவப்படும்.

தட்டின் பக்கமும் கேட்கும் பொழுதும்

ஆல்பம் என்பது இன்று ஒரு கலைஞரின் பாடல்கள் பலவற்றை ஒரு பெயரின்கீழ் தொகுத்து வெளியிடுவதைக் குறிக்கிறது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழன்ற பழைய அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில், அது 10 அங்குலத் தட்டானால் ஏறத்தாழ மூன்று நிமிட இசையும், 12 அங்குலத் தட்டானால் நான்கு முதல் ஐந்து நிமிட இசையும் மட்டுமே அடங்கின. ஆதலால், பல கருவிகள் கூடிய பெருங்குழுவுக்கென எழுதப்படும் நெடிய படைப்பாகிய சிம்பொனி ஒன்றை வெளியிடப் பல தட்டுகள் தேவைப்பட்டன. அவற்றைக் கெட்டி அட்டை கட்டி, தட்டுக்கொரு காகித உறை வைத்த தொகுதிகளில் செருகி விற்றனர். அத்தொகுதிகளே முதலில் ஆல்பம் எனப்பட்டன. சில நிமிடங்களுக்கொருமுறை எழுந்து தட்டைத் திருப்பவோ மாற்றவோ வேண்டியிருந்த அக்காலத்தில், ஒரு படைப்பை ஒரே ஓட்டமாகக் கேட்டு அதன் முழு வடிவத்தை எடைபோடுவது எளிதாக இருக்கவில்லை.

1948 ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம், நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழல்வதும் மிக நுண்ணிய வரிப்பள்ளங்கள் கொண்டதுமான வினைல் தட்டை அறிமுகப்படுத்தியது. நெடுநேரம் ஒலிப்பது என்னும் பொருளில் எல்.பி. என்று பெயர்பெற்ற அத்தட்டின் ஒரு பக்கத்தில் 20 நிமிடத்துக்கு மேற்பட்ட இசை இடையறாமல் ஒலித்தது. அதன்பின் எந்தப் பாடல் முதலில் வருவது, எது முதற்பக்கத்தை முடித்துவைப்பது, தட்டைத் திருப்பியதும் கேட்பவரை எது எதிர்கொள்வது என்பவையும் கலைஞரின் ஆக்கத்தில் அடங்கலாயின. மார்வின் கே 1971இல் வெளியிட்ட ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ இதற்குத் தக்க சான்று. ஏறத்தாழ 35 நிமிடங்களே ஓடும் அந்த ஆல்பத்தின் ஒன்பது பாடல்களுள், முதற்பக்கத்தில் அமைந்த ஆறும் ஒன்றன் முடிவிலிருந்தே மற்றொன்று தொடங்குமாறு இணைக்கப்பட்டுள்ளன. போரிலிருந்து திரும்பும் சகோதரன், போதைப்பழக்கம், குழந்தைகளின் எதிர்காலம், மாசுபட்ட இயற்கை என்று பொருள் நகர்ந்து செல்வதைப் பாடல்களைத் தனித்தனியே பிரித்துக் கேட்பவர் உணர முடியாது. முழு ஆல்பத்துக்கு மதிப்பெண் இடுவது என்பது பாடல்களின் தரத்தோடு இந்த அடுக்குமுறைக்கும் சேர்த்தே மதிப்பெண் இடுவதாகும்.

இருவர் பெயரில் ஒரு நூல்

பிரிட்டனில் டெக்கா நிறுவனம் 1950இல் எல்.பி. தட்டுகளை வெளியிடத் தொடங்கியது; அதன் பெரும் போட்டியாளரான ஈ.எம்.ஐ. நிறுவனமோ 1952வரை தயங்கி நின்றது. பழைய தட்டும் புதிய தட்டும் கடைகளில் கலந்து கிடந்த அந்த இடைக்காலத்தில், எதை வாங்குவது என்று திகைத்த இசையன்பர்களுக்கு 1951இல் ‘தி ரெக்கார்டு கைடு’ என்னும் தடித்த நூல் வந்து வழிகாட்டியது. அதன் ஆசிரியர்கள் எட்வர்டு சாக்வில்-வெஸ்ட், டெஸ்மண்ட் ஷா-டெய்லர் என்னும் இரு நண்பர்கள். முன்னவர் நாவலாசிரியராகவும் இசை விமர்சகராகவும் விளங்கியவர். பின்னவர் இசை நாடகமாகிய ஆப்பெராவிலும் பாடகர்களின் குரல்வளத்திலும் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர். இருவரும் 1945இல் மற்றொரு நண்பரோடு சேர்ந்து டார்செட் மாவட்டத்தின் லாங் கிரிச்செல் என்னும் சிற்றூரில் பழைய பாதிரியார் இல்லம் ஒன்றை வாங்கி, அங்கே ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர். தட்டுகள் பெருகிய வேகத்துக்கு ஈடுகொடுக்க அந்நூல் 1955இல் திருத்தி விரிவாக்கப்பட்டபோது, ஆண்ட்ரூ போர்ட்டர், வில்லியம் மான் என்னும் இளைய விமர்சகர் இருவரின் துணையும் தேவைப்பட்டது.

ஜாஸ் இசைக்கு இத்தகைய இணை வாய்த்தது 1992இல். ரிச்சர்டு குக், பிரையன் மார்ட்டன் ஆகிய இருவரும் எழுதிய ‘பெங்குவின் கைடு டு ஜாஸ்’ ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களில் கடைகளில் கிடைத்த ஜாஸ் தட்டுகளையெல்லாம் எடைபோட முனைந்தது. குக் 2007இல் மறையும்வரை அந்நூல் பலமுறை புதுக்கப்பட்டு இசையன்பர்களின் கைகளில் புழங்கியது. அதன் உச்ச மதிப்பு நான்கு நட்சத்திரம். ஆனால் அந்நூலின் நுட்பம் வேறு இரண்டு குறிகளில் அமைந்திருந்தது. அவற்றுள் ஒன்று அடைப்புக்குறிக்குள் இட்ட நட்சத்திரம்; மூன்று நட்சத்திரத்தை அடுத்து நான்காவது அடைப்புக்குள் நின்றால், அத்தட்டு முதல்வரிசைக்கு மிக நெருங்கி வந்து ஏதோ ஒரு சிறு குறையால் வெளியே நிற்கிறது என்று பொருள். மற்றொன்று கிரீடம், தரத்தின் அளவுகோலுக்கு அப்பால், ஆசிரியர்கள் தமது நெஞ்சுக்கு மிக உவந்தவை எனக் கருதிய மிகச் சில தட்டுகளுக்கு மட்டும் அது சூட்டப்பட்டது. ஒரு படைப்பு சிறந்தது என்பதும் அது ஒருவருக்கு உயிரானது என்பதும் வெவ்வேறு கூற்றுகள் என்பதையும், இரண்டையும் ஒரே எண்ணில் திணித்தால் இரண்டுமே பொய்யாகிவிடும் என்பதையும் அவ்விருவரும் உணர்ந்திருந்தனர்.

எனினும் இவ்வகை நூல்களுக்கு ஓர் எல்லை உண்டு. இருவர் பெயரில் வெளியானாலும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரே தீர்ப்புத்தான் அச்சாகிறது. அத்தீர்ப்புக்கு முன் நிகழ்ந்த உடன்பாடும் முரண்பாடும் வாசகருக்குத் தெரிவதில்லை. முரண்பாடு அப்படியே அச்சேறினால் என்ன விளையும் என்பதை அறிய 1962ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

ஒரு தட்டு, இரு தீர்ப்புகள்

அல்டோ சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன் 1960 டிசம்பர் 21 அன்று நியூயார்க்கில் தம்மையும் சேர்த்து எட்டுக் கலைஞர்களைக் கூட்டிப் பதிவு செய்த இசை, அட்லாண்டிக் நிறுவனத்தால் 1961இல் ‘ஃப்ரீ ஜாஸ்’ என்னும் பெயரில் வெளியிடப்பட்டது. ஜாஸ் கலைஞர்கள் பெரும்பாலும் ஒரு பாடலின் சுரக்கட்டமைப்பை அடிப்படையாக வைத்துக்கொண்டு, அதன்மேல் அவ்வப்போது கற்பனையாக வாசித்துச் செல்வர். கர்நாடக இசையில் மனோதர்மம் எனப்படுவதோடு இதை ஒப்பிடலாம். கோல்மன் அந்த அடிப்படைக் கட்டமைப்பையே நீக்கிவிட்டார். எட்டுப் பேரையும் இரு நால்வர் குழுக்களாகப் பிரித்தார். கோல்மன், டிரம்பெட் வாசித்த டான் செர்ரி, டபுள் பாஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸ் வாசித்த பில்லி ஹிக்கின்ஸ் ஆகியோர் இடப்புற ஒலிபெருக்கியில் கேட்பர். பாஸ் கிளாரினெட் வாசித்த எரிக் டால்ஃபி, டிரம்பெட் வாசித்த ஃப்ரெடி ஹப்பர்டு, பாஸ் வாசித்த சார்லி ஹேடன், டிரம்ஸ் வாசித்த எட் பிளாக்வெல் ஆகியோர் வலப்புறத்தில் கேட்பர். 37 நிமிடம் தொடர்ந்து ஓடும் அந்த இசையைத் தட்டின் இரு பக்கங்களுக்காக நடுவில் வெட்ட வேண்டியதாயிற்று.

1934இல் சிகாகோவில் தொடங்கப்பட்ட ‘டவுன்பீட்’ ஜாஸ் உலகின் முதன்மையான பத்திரிகை. அதன் 1962 ஜனவரி 18 இதழில் ‘ஃப்ரீ ஜாஸ்’ ஆல்பத்துக்கு இரண்டு விமர்சனங்கள் அடுத்தடுத்து வெளிவந்தன. பீட் வெல்டிங் ஐந்து நட்சத்திரம் அளித்தார். ஜான் டைனன் ஒரு நட்சத்திரமும் அளிக்கவில்லை. உச்சமும் பூஜ்யமும் ஒரே இதழில், ஒரே தட்டுக்கு, ஒரே பத்திரிகையின் பெயரில் நின்றன.

இவ்விரு தீர்ப்புகளையும் கூர்ந்து நோக்கினால், அவை எதிரெதிர்த் திசைகளில் சிதறவில்லை என்பதும், ஒரே கேள்வியில் வந்து முட்டுகின்றன என்பதும் புலப்படும். பெருங்குழு ஜாஸ் எழுந்தபின் மறைந்துபோயிருந்த கூட்டுக் கற்பனை, அதாவது பலர் ஒருங்கே கற்பித்து வாசிக்கும் பழைய மரபு, இத்தட்டில் மீண்டிருக்கிறது என்று வெல்டிங் கருதினார். இதில் கூட்டு என்று சொல்லத்தக்கது எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் ஒரே பதிவுக்கூடத்தில் இருந்தது மட்டுமே என்று டைனன் சாடினார். ஆகவே சிக்கல் ஒன்றுதான்: அந்த எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் கேட்டு வாசிக்கிறார்களா, இல்லையா? இது செவியால் சோதித்தறியத்தக்க வினா. ஊதுகருவியாளர் நால்வரும் முறையே முன்னணிக்கு வந்து வாசிக்கின்றனர். பின்னர் பாஸ் வாசிப்போர் இருவரும், இறுதியில் டிரம்ஸ் வாசிப்போர் இருவரும் முன்னே வருகின்றனர். ஒருவரின் முறை முடிந்து அடுத்தவரின் முறை தொடங்கும் இடங்களில் குழுவினர் கூடி ஒலிக்கும் சிறு பகுதிகள் வாயிலாக நிற்கின்றன. கோல்மன் வாசிக்கும்போது பின்னிருந்து பிறர் எறியும் துணுக்குகள் அவருடைய சுரத்தொடருக்கு மறுமொழியாக அமைகின்றனவா, தற்செயலாக விழுகின்றனவா என்பதை எவரும் தட்டைத் திரும்ப ஓடவிட்டுத் தாமே தீர்மானிக்கலாம்.

ஐந்தையும் பூஜ்யத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் இரண்டரை வரும். இரண்டரை நட்சத்திரம் என்பது கேட்கலாம், கேட்காமலும் விடலாம் என்னும் நடுத்தரமான தட்டுக்கு உரிய மதிப்பெண். அத்தகைய தட்டை வெல்டிங்கும் கேட்கவில்லை, டைனனும் கேட்கவில்லை. அந்த எண்ணை அச்சிட்டிருந்தால், வாசகர் எந்தக் கேள்வியோடு அத்தட்டை அணுக வேண்டும் என்பது தெரியாமலே போயிருக்கும். முரண்பாட்டுக்கு இடங்கொடுக்கும் இப்பண்பு அப்பத்திரிகையில் வேறு வகையிலும் வெளிப்பட்டது. ஜான் கோல்ட்ரேனும் எரிக் டால்ஃபியும் சேர்ந்து வாசித்த இசையை ஜாஸுக்கு எதிரானது என 1961 நவம்பரில் டைனன் எழுதியபோது எழுந்த வாதத்தின் தொடர்ச்சியாக, அவ்விரு கலைஞர்களையும் நேர்கண்டு அவர்களுடைய பதிலை 1962 ஏப்ரலில் ‘டவுன்பீட்’ விரிவாக வெளியிட்டது.

இருவரும் கேட்டது ஒரே தட்டுத்தானா?

நண்பர் இருவரின் மதிப்பெண்கள் வேறுபடும்போது, இருவரும் ஒரே ஒலியைத்தான் கேட்டனரா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். இது மிகைப்பட்ட எச்சரிக்கை அன்று. ஜாஸ் ஆல்பங்களுள் மிகப் புகழ்பெற்றதாகிய மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரு நாட்களில் பதிவானது. முதல்நாள் பதிவின்போது முதன்மை ஒலிநாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியதால், அந்நாடாவைச் சரியான வேகத்தில் ஒலிக்கவிட்டபோது இசை விரைந்தும் சுருதி சற்று ஏறியும் கேட்டது. அன்று பதிவான மூன்று உருப்படிகளும் தட்டின் முதற்பக்கத்தில் அமைந்தன. எனவே பல்லாண்டுகளாக உலகம் கேட்ட முதற்பக்கம் உண்மையான சுருதியைவிட உயர்ந்ததாகவே இருந்தது. சரியான வேகத்தில் ஓடிய மாற்று நாடாவைக் கொண்டு 1990களில் இப்பிழை திருத்தப்பட்டது. பழைய தட்டோடு சேர்ந்து சாக்ஸபோனோ பியானோவோ வாசித்துப் பழகியவர் ஏன் சுருதி சேரவில்லை என்று திகைத்திருப்பார். திருத்திய பதிப்பை மட்டுமே கேட்ட நண்பருக்கு அந்தத் திகைப்பு விளங்காது.

ஒலிப்பதிவை ஒரே தடமாகக் கலப்பது மோனோ, இடம் வலம் என இரு தடங்களாகப் பிரித்துக் கலப்பது ஸ்டீரியோ. பீட்டில்ஸ் குழுவின் ‘சார்ஜண்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்’ 1967இல் வெளியானபோது, குழுவினர் உடனிருந்து மெனக்கெட்டது மோனோக் கலவைக்கே. ஸ்டீரியோக் கலவை பின்னர் விரைவாக முடிக்கப்பட்டது. அதிலுள்ள ‘ஷீ இஸ் லீவிங் ஹோம்’ மோனோவில் ஸ்டீரியோவைவிட விரைவாகவும் சுருதி உயர்ந்தும் ஒலிக்கிறது. ஒருவர் இதை ஏக்கம் நிறைந்த மந்தமான பாடல் என்றும், மற்றவர் தளர்வே இல்லாத பாடல் என்றும் மதிப்பிட்டால் இருவர் சொல்வதும் மெய்யாகவே இருக்கக்கூடும். பீச் பாய்ஸ் குழுவின் ‘பெட் சவுண்ட்ஸ்’ (1966) ஆல்பத்தை ஆக்கிய பிரையன் வில்சனுக்கு வலது காது ஏறத்தாழக் கேட்காதிருந்தது. அவர் மோனோவிலேயே அதை உருவாக்கினார். அதன் முறையான ஸ்டீரியோக் கலவை 1990களின் பிற்பகுதியிலேயே வெளிவந்தது. ஆகவே எந்தப் பதிப்பு என்பதைக் குறிக்காமல் இடும் மதிப்பெண், எந்த ஊர் என்று சொல்லாத முகவரியைப் போன்றது.

பிறர் கருத்தின் பிடி

இருவர் சேர்ந்து கேட்பதில் பயனைப் போலவே ஒரு தீங்கும் மறைந்திருக்கிறது. சமூக உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களின் தொடக்கத்தில் நடத்திய சோதனைகளில், கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் மிக எளிய வினாவுக்குக்கூட, முன்னே பதில் சொன்னவர்கள் அனைவரும் வேண்டுமென்றே தவறாகச் சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்களுள் ஏறத்தாழ நான்கில் மூவர் ஒருமுறையேனும் அத்தவறான பதிலோடு ஒத்துப்போயினர். பதிலை வாய்விட்டுச் சொல்லாமல் தாளில் எழுதச் சொன்னபோது இந்த ஒத்துப்போதல் பெரிதும் குறைந்தது. கண்ணெதிரே தெரியும் கோட்டுக்கே இந்நிலை என்றால், அளவுகோல் இல்லாத இசையில் நண்பரின் ஒரு தலையசைப்பு எவ்வளவு வலிமை உடையதாக இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இசையைக் கொண்டே நடந்த சோதனையும் உண்டு. மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகியோர் 2006இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், 14,000க்கு மேற்பட்டோர் பெயர் அறியாத குழுக்களின் 48 பாடல்களைக் கேட்டனர். ஒரு சாரார் பிறர் எதைத் தேர்ந்தனர் என்பதை அறியாமல் தேர்ந்தனர். மறுசாரார் எட்டுத் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, தத்தம் கூட்டத்தில் எந்தப் பாடல் எத்தனைமுறை தரவிறக்கப்பட்டது என்பதைக் கண்டபின் தேர்ந்தனர். எண்ணிக்கையைக் கண்ட கூட்டங்களில் வெற்றி பெற்ற பாடல்களுக்கும் தோற்றவற்றுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு பெருகியது. அதோடு ஒரு கூட்டத்தில் முன்னணியில் நின்ற பாடல் மற்றொரு கூட்டத்தில் பின்தங்கியது. மிகச் சிறந்தவை பெரும்பாலும் வீழவில்லை, மிக மோசமானவை பெரும்பாலும் எழவில்லை. இடையிலிருந்த பாடல்களுக்கு எதுவும் நேரலாம் என்னும் நிலை இருந்தது.

பெயரின் மதிப்பும் இவ்வாறே செவியை வளைக்கிறது. இதை முறியடிக்க லெனர்டு ஃபெதர் என்னும் விமர்சகர் 1946இல் ‘மெட்ரோனோம்’ பத்திரிகையில் ஒரு முறையைத் தொடங்கிப் பின்னர் ‘டவுன்பீட்’ பத்திரிகைக்குக் கொண்டுசென்றார். வாசிப்பவர் யார் என்று சொல்லாமலே ஒரு கலைஞருக்குத் தட்டைப் போட்டுக் காட்டி, கருத்தையும் நட்சத்திர மதிப்பையும் பெறுவது அம்முறை. கறுப்பினக் கலைஞர் வாசிக்கிறாரா வெள்ளையினக் கலைஞர் வாசிக்கிறாரா என்பதைக் கேட்டே சொல்லிவிட முடியும் என்று நம்பிய டிரம்பெட் மேதை ராய் எல்ட்ரிட்ஜ், 1951இல் இச்சோதனைக்கு உட்பட்டுத் தம் கூற்று நிலைக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டார். பெரும் கலைஞரின் செவியும் முன்னறிவின் துணையோடுதான் இயங்குகிறது என்பதற்கு இதைவிட நேர்மையான சான்று வேண்டியதில்லை.

பெருங்கூட்டத்தின் பட்டியல்

இருவர் இடும் மதிப்பெண்ணுக்கு எதிர்முனையில் நிற்பது நூற்றுக்கணக்கானோர் வாக்களித்து உருவாக்கும் பட்டியல். அமெரிக்க இதழான ‘ரோலிங் ஸ்டோன்’ 2003இல் எக்காலத்துக்கும் உரிய 500 ஆல்பங்களின் வரிசையை வெளியிட்டபோது ‘சார்ஜண்ட் பெப்பர்ஸ்’ முதலிடம் பெற்றது. ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆறாவதாகவும், ஜோனி மிட்செலின் ‘புளூ’ முப்பதாவதாகவும் நின்றன. 2020இல் புதிதாக வாக்கெடுத்தபோது ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ முதலிடத்துக்கும் ‘புளூ’ மூன்றாமிடத்துக்கும் ஏற, ‘சார்ஜண்ட் பெப்பர்ஸ்’ 24ஆம் இடத்துக்கு இறங்கியது. அந்தப் பதினேழு ஆண்டுகளில் அவ்வால்பங்களின் இசை மாறவில்லை. வாக்களித்தோரின் வயதும் இனமும் பால் விகிதமும் அவர்கள் இசையிடம் எதிர்பார்த்தவையும் மாறின.

இத்தகைய பட்டியலுக்கு உரிய மதிப்பு உண்டு. எதைக் கேட்கத் தொடங்குவது என்று அறியாதவருக்கு அது ஒரு நல்ல வாசல். நண்பர்கள் பலர் இத்தகைய பட்டியலை எடுத்துக்கொண்டே தம் கேட்டலைத் தொடங்குகின்றனர். ஆனால் 24 என்னும் எண் தனக்குள் எந்தக் காரணத்தையும் கொண்டிருக்கவில்லை. ஏன் என்று அதனிடம் கேட்க முடியாது. நண்பர் இட்ட மூன்று நட்சத்திரத்திடம் ஏன் என்று கேட்கலாம். அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். மேலும், பல ஆண்டுப் பழக்கத்தால் அவருடைய நாட்டங்கள் நன்கு தெரிந்தவை. பாடல் வரிகளில் தோய்பவர் அவர் என்பதும், கருவியிசை நீண்டால் சலிப்படைபவர் என்பதும் தெரிந்திருக்கும்போது, நெடிய கருவியிசைத் தட்டு ஒன்றுக்கு அவர் நான்கு இடுவது, வேறொருவர் ஐந்து இடுவதைவிடப் பொருள் செறிந்ததாகிறது. அந்நியரின் மதிப்பெண்ணை எண்ணாக மட்டுமே காண முடிகிறது. நண்பரின் மதிப்பெண்ணை அவருடைய இத்தனை ஆண்டுக் கேட்டலோடும் சேர்த்துப் படிக்க முடிகிறது.

முறையாகக் கேட்பதற்கு

மேற்கண்ட வரலாற்றிலிருந்தும் ஆய்வுகளிலிருந்தும் இருவர் கேட்டலுக்கான ஒழுங்குகள் சில தாமே வடிவெடுக்கின்றன. ஒரே பதிப்பை, ஒரே அறையில், இருவரும் ஒருங்கே கேட்பது முதலாவது. இரு பதிப்புகளை ஒப்பிட நேர்ந்தால் ஒலியளவைச் சமமாக்கிக்கொள்வதும் இன்றியமையாதது. சற்று உரக்க ஒலிப்பதே மேலானது என்று செவி எளிதில் மயங்கிவிடும்.

தட்டின் ஒரு பக்கத்தைக் கேட்டலின் அலகாகக் கொண்டு, அது முடியும்வரை பேசாதிருப்பது இரண்டாவது. ஜப்பானில், இறக்குமதித் தட்டுகள் விலை மிகுந்து தனிமனிதர் வாங்க இயலாதிருந்த காலத்தில் வேரூன்றிய ஜாஸ் கிஸ்ஸா என்னும் காப்பிக் கடைகள் இவ்வொழுக்கத்தைப் பேணின. யோகஹாமா நகரில் 1933இல் திறக்கப்பட்ட சிகுசா அவற்றுள் முன்னோடி. அவ்வகைக் கடைகள் பலவற்றில் உரையாடல் விலக்கப்பட்டு, தட்டின் ஒரு பக்கம் முழுமையாக ஒலிக்கவிடப்பட்டது. இருபது நிமிட மௌனம் மனத்தில் தோன்றும் முதல் கருத்தை அடக்கி, இரண்டாம் கருத்துக்கு இடமளிக்கிறது.

மூன்றாவது, வாய்திறப்பதற்கு முன் மதிப்பெண்ணைத் தாளில் எழுதிவிடுவது. ஆஷின் சோதனை கற்பிக்கும் பாடம் இதுவே. அளவுகோல் சிறியதாக இருத்தல் நலம். நூற்றுக்கு 83 என்று இன்று எழுதியவர் நாளை மீண்டும் கேட்டால் அதே 83ஐ எழுதுவார் என்பதற்கு உறுதியில்லை. ஐந்துக்கு நான்கு என்பதை அவர் மறுநாளும் ஏற்பார். நெஞ்சுக்கு உவந்ததைக் குறிக்கக் குக்–மார்ட்டன் இணையின் கிரீடத்தைப் போல ஒரு தனிக்குறி வைத்துக்கொண்டால், விருப்பமும் மதிப்பீடும் ஒன்றையொன்று விழுங்காமல் இருக்கும்.

நான்காவது, காரணம் சொல்லும்போது இசையில் ஓர் இடத்தைச் சுட்டுவது. ஆல்பம் தொய்வாக இருக்கிறது என்பது வாதிட முடியாத கூற்று. இரண்டாம் பக்கத்தின் மூன்றாம் பாடலில் டிரம்ஸ் நுழைந்தபின் பாடகரின் குரல் புதைந்துவிடுகிறது என்பது மற்றவர் மீண்டும் கேட்டு ஏற்கவோ மறுக்கவோ தக்க கூற்று. வெல்டிங்–டைனன் முரண்பாடு இன்றளவும் பயன்தருவது அது சோதிக்கத்தக்க ஒரு வினாவில் நின்றதால்தான்.

ஐந்தாவது, இரு மதிப்பெண்களையும் சராசரியாக்காமல் அருகருகே எழுதிவைத்து, காலம் கடந்து மீண்டும் கேட்டு இரண்டாம் மதிப்பெண் இடுவது. ஒன்றைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்வதாலேயே அதன்மேல் விருப்பம் கூடுகிறது என்பதை உளவியலாளர் ராபர்ட் சயோன்ஸ் 1968இல் சோதனைகளால் காட்டினார். எனவே முதல் மதிப்பெண்ணும் இரண்டாம் மதிப்பெண்ணும் வேறுபட்டால், அது இசை புரியத் தொடங்கியதாலா, வெறும் பழக்கத்தாலா என்று வினவ வேண்டும். 1969 முதல் ஆல்பங்களுக்கு எழுத்துத் தரம் இட்டுவந்த ராபர்ட் கிறிஸ்ட்காவ், 1970களின் மதிப்புரைகளை 1981இல் நூலாக்கியபோது தட்டுகளை மீண்டும் கேட்டுப் பலவற்றைத் திருத்தியும் புதிதாகவும் எழுதினார். தீர்ப்பை மாற்றிக்கொள்வது விமர்சகருக்கு இழுக்கன்று என்பதற்கு அவருடைய உழைப்பு நல்ல முன்மாதிரி.

இவ்வாறு நெடுங்காலம் கேட்டுவரும் இருவரின் குறிப்பேட்டில் மிகுந்த மதிப்புடைய பக்கங்கள், இருவரும் ஐந்து இட்ட பக்கங்கள் அல்ல. அவற்றில் இருவரும் ஏற்கெனவே அறிந்ததே உறுதிப்படுகிறது. ஒருவர் ஐந்தும் மற்றவர் ஒன்றும் இட்ட பக்கத்தில்தான், ஒரு செவிக்கு எட்டி மறுசெவிக்கு எட்டாத ஏதோ ஒன்று இசையில் இருக்கிறது என்னும் செய்தி பதிவாகியிருக்கிறது. அதைத் தேடிச் செல்பவர் மற்றவரின் தீர்ப்பை ஏற்காமலே போகலாம். ஆயினும் அவர் கேட்டதைத் தாமும் கேட்கக் கற்றுக்கொள்கிறார். தனியே கேட்பவருக்கு இக்கல்வி வாய்ப்பதில்லை. ஆயிரவரின் பட்டியலும் இதைத் தருவதில்லை. இதற்கு வேண்டுவது ஒரு நல்ல தட்டும், உடன்படாமலிருக்கத் துணிந்த ஒரு நண்பரும், காரணம் கேட்கும் உரிமையை இருவருக்கும் தரும் நெடிய நட்புமே.

இடமும் வலமுமாக ஒலியைப் பிரிக்கும் ஸ்டீரியோ முறை எவ்வாறு தோன்றியது, அது இசையமைப்பையே எவ்வாறு மாற்றியது என்பவை அடுத்த பகுதியில் ஆராயப்படும்.

(தொடரும்)